திரும்பி வராத இணைப்புகள்

ஆயுத பூஜையன்று மூச்சிழை நிறுவனத்தில் யார் வேலைக்கு வருவது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஜெபராணி வருவாள், ஷகிலா வருவாள். கிறிஸ்துமஸுக்கும் பெருநாளுக்கும் மற்றவர்கள் வந்து சரிக்கட்டிவிடுவார்கள். எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு, ஆனாலும் அதில் ஒரு தடவைகூடச் சண்டை வந்ததில்லை. சர்வர் அறை ஆப்பரேட்டர் மயில்சாமி மட்டும் எல்லாப் பண்டிகைக்கும் வருவார். வீட்டில் இருந்தால் மனைவி ஒட்டடை அடிக்கச் சொல்வாள் என்பது அவர் சொல்லும் காரணம்.

முந்தின நாள் மாலையே பூஜை முடிந்திருந்தது. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த அந்தக் கட்டடத்தின் மாடியை விட்டுச் சாம்பிராணி வாசனை இன்னும் போகவில்லை. சர்வர் அலமாரிகளுக்குச் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு சாமந்தி மாலை. பிரதான கணினியின் கீபோர்டைக் கழற்றிப் பட்டுத்துணியில் வைத்து, பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர்கள், கேபிள் வெட்டும் கத்தி, மேலாளர் குழந்தைவேலுவின் பேனா எல்லாவற்றையும் அடுக்கி, சரஸ்வதி படத்தின் முன்னால் பரப்பியிருந்தார் மயில்சாமி. மறுநாள் விஜயதசமி காலையில் தீபம் காட்டி எடுக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. போன வருஷம் ஸ்க்ரூ டிரைவரோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்த வருஷம் புதுக் கட்டடம், அதனால் பூஜையும் பெரிசு.

மூச்சிழை செய்யும் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். பஞ்சாலைத் தூசியிலும் சாயப்பட்டறை ஆவியிலும் நுரையீரல் கெட்டு, மூச்சுத் தசைக்குப் போகும் நரம்பும் செத்துப்போனவர்களுக்கு விலா எலும்புக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை வைத்துத் தைப்பார்கள். அந்தப் பெட்டிக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று சரவணம்பட்டிக்குச் செய்தி அனுப்பும். இங்கே ஜாவா என்னும் கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல் கணக்குப் போட்டு, இப்போது இழு, இப்போது விடு என்று பதில் அனுப்பும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு செய்தி வந்து ஒரு செய்தி போக வேண்டும். செய்திகள் வரிசையில் நின்று போகும். ஆயிரக்கணக்கான பேர் தங்கள் மூச்சை இப்படி வரிசையில் நிற்க வைத்துவிட்டு ஊரெங்கும் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் ஜெபராணியின் கணவன் பொன்ராஜ். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவன். கழிவுத் தொட்டிக்குள் மயங்கி விழுந்த ஆளைத் தூக்கப் போய் அவனும் உள்ளே விழுந்தான். அந்த ஆள் பிழைக்கவில்லை, பொன்ராஜ் பெட்டியோடு பிழைத்தான். ஜெபராணி அப்போது வேறொரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். கணவனின் மூச்சு ஓடுகிற நிரலை முகம் தெரியாத யார் கையிலோ விட்டுவிட்டு இருக்க அவளால் முடியவில்லை. சில மாதங்களுக்கு முன்பு அந்த வேலையை உதறிவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பயந்த சுபாவம். அது அவளுக்கே தெரியும்.

காலைப் பலகாரம் முடிந்து மயில்சாமி சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஷகிலா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்து அறையில் உதவி மையம், நோயாளிகளின் தொலைபேசிகளை எடுப்பது அவள் வேலை.

"ஜெபாக்கா, ஒண்டிப்புதூர்ல ஒரு பெரியவருக்கு மூச்சு பத்தலையாம். பெட்டிக் கோளாறா இருக்கும்னு பார்த்தேன். அதுக்குள்ள சூலூர்ல இருந்து இன்னொருத்தங்க. இப்ப எல்லா லைன்லயும் அதையேதான் சொல்றாங்க."

ஜெபராணி லேப்டாப்பைத் திருப்பினாள். ஒரு செய்திக்குப் பதில் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கோடு எப்போதும் தரையோடு கிடக்கும். இன்றைக்கு எழுந்து நின்றது. முதலில் அவள் பார்க்க நினைத்தது பொன்ராஜின் எண்ணைத்தான். தன்னை அடக்கிக்கொண்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்தாள்.

"என்னங்க மேடம், கோளாறுங்களா?" மயில்சாமி எட்டிப் பார்த்தார்.

"பூல் காலியாயிட்டு அண்ணே. கனெக்‌ஷன் ஒண்ணுகூட மிச்சம் இல்ல."

மயில்சாமிக்கு வயரும் விசிறியும் மின்சாரமும் தெரியும். ஜாவாவுக்குள் நடப்பது அவருக்கு அக்கரைச் சங்கதி. "பூலுன்னா என்னங்க?"

"செய்தியை வரிசையில கொண்டுபோய்ப் போடணும்னா நம்ம புரோகிராமுக்கு ஒரு கனெக்‌ஷன் வேணும். ஒவ்வொரு தடவையும் புதுசாத் திறந்தா நேரம் ஆகும். அதனால கொஞ்சத்தை எப்பவும் திறந்தே வச்சிருப்போம். வாடகை சைக்கிள் கடை மாதிரின்னு வச்சுக்கிடுங்க. எடுத்துட்டுப் போ, வேலை முடிஞ்சதும் கொண்டாந்து விடு, அடுத்த ஆள் எடுக்கட்டும். கண்ணிமைக்கிற நேரத்துல திரும்பி வந்துரும். இன்னைக்கு எடுத்துட்டுப் போனதுல ஒண்ணு ரெண்டைத் தவிர எதுவும் திரும்பி வரல. கடை வாசல்ல கூட்டம் சேந்துட்டு."

"கூட்டமுன்னா..."

"மூச்சுக்கு நிக்குற கூட்டம் அண்ணே."

மயில்சாமி கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்தார். ஷகிலா கேட்டாள்: "பதில் போகலைன்னா உடனே மூச்சு நின்னுடுமாக்கா?"

"நிக்காது. கடைசியாப் போட்ட தாளத்தையே பெட்டி போட்டுக்கிட்டு இருக்கும். அசையாமக் கெடந்தா அது போதும். எந்திரிச்சா, பேசுனா, அழுதா பத்தாது. பயந்தாச் சுத்தமாப் பத்தாது."

இதைச் சொல்லும்போது அவளுடைய மூச்சே மேலும் கீழும் போய்வந்தது.

பூலின் அளவைக் கூட்டிப் பார்த்தாள். அவசரத்தில் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். செய்தி வரிசையை நடத்தும் சர்வர் ஒரேயடியாகக் கைவிரித்தது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு இணைப்புகூடத் தரமாட்டேன் என்று பதில் வந்தது. சிவப்பு எழுத்துகளை மூடிவிட்டு, வெளியே போன இணைப்புகளைப் பார்த்தாள். எடுத்தது தெரிகிறது. திருப்பிக் கொடுத்ததற்கு அடையாளம் இல்லை. இந்தத் தொழிலில் இது பழைய வியாதி. வேலை நடுவில் தப்பாகப் போனால், எடுத்ததைத் திருப்பி வைக்கும் வரிக்குப் போகாமலே நிரல் வேறு வழியாக வெளியேறிவிடும். ஒவ்வொன்றாகக் கசிந்து, கடைசியில் கடை காலியாகும்.

ஆனால் அப்படிக் கசிகிற பூல் என்றால் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும். இத்தனை மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது எப்படி?

"அண்ணே, இன்னைக்கு எதை மாத்துனீங்க?"

"ஐயோ, நான் எதையும் தொடவேயில்லீங்க மேடம். கீபோர்டே அம்மன் முன்னால இருக்குதுங்க, பாருங்க." கையை விரித்துக் காட்டியவர் அப்படியே நின்றார். "தெனமும் பண்றதைக்கூடப் பண்ணலீங்க."

"தினமும் என்ன பண்ணுவீங்க?"

"காலையில வந்து சாமி கும்பிட்டதும் அந்தக் கீபோர்டுல ஒருக்கா ரீஸ்டார்ட் போட்டு உடுவனுங்க. நான் வேலைக்குச் சேந்தப்பவே பழைய இஞ்சினியரு சொல்லிப்போட்டுப் போனாருங்க, தெனமும் போட்டுடோணும், அப்பத்தான் நாளைக்கு வரைக்கும் ஓடுமுன்னு. ஏன்னு நானும் கேக்கலீங்க, அவரும் சொல்லலீங்க."

ஜெபராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவ்வளவுதானா! இத்தனை படித்தவர்கள் கூடி நடத்தும் நிறுவனம் மயில்சாமியின் ஊதுபத்தியை நம்பி ஓடியிருக்கிறது. தினமும் ஒரு தடவை எல்லாவற்றையும் அணைத்துப் போட்டதில் கசிந்ததெல்லாம் துடைக்கப்பட்டுவிட்டது. இன்று கருவிகளுக்கு ஓய்வு என்று கீபோர்டைத் தொடவில்லை, வியாதி வெளியே வந்துவிட்டது.

"அப்ப இப்பப் போட்டுறலாமுங்களா?" மயில்சாமி படத்தின் முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஒரு நிமிஷம் அண்ணே. சர்வர் எந்திரிச்சு வர ஒரு டீ குடிக்கிற நேரமாவது ஆகும். எங்க வீட்டுல அவங்களப் படுத்துக்கிடச் சொல்லிருதேன்."

பொன்ராஜ் முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்ன பிள்ள, சுண்டல் தின்னாச்சா?"

"என்ன செய்யுதிய?" குரலில் பயம் தெரிந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் பயந்தால் அவனுக்கு இன்னும் மூச்சு தேவைப்படும்.

"கீழ் வீட்டுக்காரங்க பொரியும் பழமும் தந்தாவ. எடுத்துட்டு மாடி ஏறுதேன். அவங்க வீட்டுப் பய கேட்டான், மாமா ஒங்க பெட்டிக்கும் பொட்டு வைக்கட்டுமான்னு. நெஞ்சுல ஒரு குங்குமத்த அப்பி விட்டுட்டான். பாதிரியார் பாத்தா என்ன சொல்லுவாரு?" அவன் சிரித்தான்.

அவள் மனம் ஒரு கணம் பஞ்சாக லேசாகிவிட்டது. அடுத்த கணமே அந்தச் சிரிப்பு அவளைக் கலக்கியது. அவன் மாடி ஏறுகிறான். பேசுகிறான், சிரிக்கிறான், மூச்சு வாங்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும் ஒண்டிப்புதூர் பெரியவருக்குப் பத்தாத மூச்சு, படியேறும் இவனுக்கு எங்கேயிருந்து வருகிறது?

"லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு அவன் பெட்டியின் எண்ணை அடித்தாள். வாசலில் நிற்கும் கூட்டத்தில் அவன் இல்லை. திரும்பி வராத இணைப்புகளில் ஒன்று அவன் பெயரில் இருந்தது.

அந்த இணைப்பு சும்மா கிடக்கவும் இல்லை. அதன் வழியாகச் செய்திகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. இன்னொன்றைத் திறந்து பார்த்தாள், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். கசிந்துபோனவை என்று அவள் நினைத்த எல்லா இணைப்புகளும் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தன. நிரலின் அந்தப் பகுதியைத் தேடிப் படித்தாள். மறதி இல்லை அது. யாரோ தெரிந்தே எழுதியது. யாருக்கு மூச்சு தடுமாறுகிறதோ அவரை வரிசையில் நிற்க விடாமல், ஒரு இணைப்பை அவருக்கென்றே பிடித்து வைத்துக்கொள், அவர் தேறும்வரை விடாதே. எழுதியவன் நல்ல மனுஷன்தான். கொஞ்சம் பேர் மட்டும் இருந்த காலத்தில் எழுதியிருக்கிறான். அவர்கள் தேறவே மாட்டார்கள், கூடிக்கொண்டே போவார்கள் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜெபராணி போனைக் காதில் வைத்தாள். "இங்கேருங்க, உண்மையச் சொல்லுங்க. காலையில ஒங்களுக்கு மூச்சு இழுக்குமா?"

அவன் மெதுவாகக் கேட்டான்: "ஒனக்கு யார் சொன்னா?"

"சொல்லுங்க."

"நீ வேலைக்குப் போன பொறவு செத்த நேரம் இழுக்கும். கட்டில்ல சாஞ்சுக்கிடுவேன். கண்ணு இருட்டிட்டு வரும், கையெல்லாம் சில்லுன்னு ஆயிரும். பொறவு தானா சரியாயிரும். ஒன்ட்டச் சொன்னா நீ பயந்து சாவ, அதான் சொல்லல. இன்னைக்கு அதுவும் இல்ல பாத்துக்கோ. பண்டிகை நாள்னு பெட்டிக்கும் தெரிஞ்சிருக்கு."

"படுத்துக்கிடுங்க. நான் பொறவு பேசுதேன்."

மயில்சாமி கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கியிருந்தார். "வச்சிருங்க அண்ணே" என்றாள் ஜெபராணி. கத்திவிட்டாள் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் திடுக்கிட்டு அதைப் பட்டுத்துணியிலேயே வைத்தார்.

அவள் பார்த்ததைச் சொன்னாள். பிடித்து வைத்த இணைப்புகளில் இருப்பவர்கள் பழைய தாளத்தில் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள். ரீஸ்டார்ட் போட்டால் எல்லா இணைப்பும் அறுந்துபோகும். மற்றவர்கள் அந்த டீ குடிக்கிற நேரத்தைச் சமாளிப்பார்கள். இவர்களில் சிலர் சமாளிப்பார்கள், சிலர் மாட்டார்கள். தினமும் காலையில் நடந்துவந்ததும் அதுதான்.

ஷகிலா இரண்டடி முன்னால் வந்தாள். "அக்கா, காலையில வர்ற ஃபோன்தான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வேலைக்கு வந்து உக்காந்ததும் ஒண்ணோ ரெண்டோ கட்டாயம் வரும். அப்பா தவறிட்டாரு, பெட்டியை எங்க குடுக்கணும்னு கேப்பாங்க. வயசானவங்க காலை நேரத்துலதான் போவாங்கன்னு நெனச்சுக்குவேன்."

மயில்சாமி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "சாமி கும்பிட்டுப்போட்டுத்தானுங்க போடுவேன்" என்றார். பிறகு, "நானுங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெபராணி போனில் அழைத்தபோது குழந்தைவேலு பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் இருந்தார். பின்னால் மணிச் சத்தம் கேட்டது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ரீஸ்டார்ட் போடும்மா" என்றார்.

"சார், போட்டா அதுல இருக்கவங்க..."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சுன்னு வச்சுக்க. ஆராய்ஞ்சு பார்க்கற தைரியம் எனக்கு வரலை. அவங்கெல்லாம் ஏற்கெனவே கடைசிப் படியில இருக்கறவங்க. வாசல்ல நிக்கற ஆயிரக்கணக்கான பேரை நினைச்சுப் பாரு. நேரம் போகப் போக அவங்களும் தடுமாற ஆரம்பிச்சிருவாங்க. அப்ப யாரைக் காப்பாத்துவ?"

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் அவளை நடுங்க வைத்தது. பொன்ராஜின் பெயரை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் கணவனுக்காகத்தான் பேசுகிறாள் என்று ஆகிவிடும். கணவனுக்காகத்தான் பேசுகிறாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"மயில்சாமிகிட்டக் குடும்மா" என்றார் குழந்தைவேலு.

மயில்சாமி எழுந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "சார், வணக்கமுங்க. கீபோர்டு பூசையில இருக்குதுங்க. நாளைக்குக் காலையில தீவம் காட்டித்தானுங்க எடுக்கோணும்." சொல்லிவிட்டுத் துண்டித்தார். இத்தனை வருஷத்தில் மேலாளரின் பேச்சுக்கு நடுவில் அவர் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஜெபராணி திரையைப் பார்த்தாள். வாசல் கூட்டம் பெருகிக்கொண்டே இருந்தது. பழைய தாளத்தோடு சிலர் தண்ணீர் எடுப்பார்கள், சிலர் வண்டிக்கு மாலை போடுவார்கள், எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். அவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் அசையாமல் படுத்தால் போதும். செய்தி குறையும், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிற ஒன்றிரண்டு இணைப்புகளே எல்லாருக்கும் போதுமானதாகிவிடும். அதற்குள் அவள் வேறு வழி செய்துவிடுவாள். ஆனால் படுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் பயப்படுவார்கள். பயமே அவர்களைக் கொன்றுவிடும்.

"அக்கா," என்றாள் ஷகிலா, "மதியம் எல்லாருக்கும் பூஜை வாழ்த்து போகணும். குரல் அழைப்பு. சார் போன வாரமே அனுமதி குடுத்துட்டார். நான்தான் பேசிப் பதியணும். என்ன பேசணும்னு யாரும் எழுதித் தரலை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷகிலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பவளின் குரலாக வந்தது.

"மூச்சிழை குடும்பத்துக்கு ஆயுத பூஜை வாழ்த்துகள். இன்னைக்கு எல்லாக் கருவிக்கும் ஓய்வு குடுக்கற நாள். உங்களுக்காக ஒரு நாள் விடாம உழைக்கற பெட்டிக்கும் கொஞ்சம் ஓய்வு குடுங்க. இப்பவே பாயை விரிச்சுப் படுத்துக்கோங்க. பேச்சு வேண்டாம், வேலை வேண்டாம். கண்ணை மூடிட்டு சாமியை நினைச்சுக்கோங்க. மறுபடி நாங்க கூப்பிடுற வரைக்கும் எந்திரிக்காதீங்க. பெட்டியை வணங்குங்க, அது உங்களை வாழ வைக்கும்."

வாழ்த்து போனது. ஜெபராணி ஜெபம் செய்யவில்லை, செய்ய வார்த்தை வரவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அது அசையவில்லை. பிறகு கொஞ்சம் சாய்ந்தது. சிங்காநல்லூரிலும் அவிநாசியிலும் பல்லடத்திலும் ஆட்கள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டிருக்க வேண்டும். பெட்டிக்கு ஓய்வு என்றால் ஏன் என்று யார் கேட்கப்போகிறார்கள்? வீட்டில் அரிவாளும் அரிவாள்மனையுமே பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வில் இருக்கின்றன. கோடு இறங்கிக்கொண்டே வந்தது. ஒண்டிப்புதூர் பெரியவர் மட்டும் உதவி மையத்துக்குக் கூப்பிட்டு, "இப்ப நல்லா இருக்குதுங்கம்மணி, ஒண்ணுக்குப் போகலாமுங்களா?" என்று கேட்டார். ஷகிலா சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள்.

மூலையில் ஒரு பரிசோதனை சர்வர் மாலையோடு நின்றது. ஜெபராணி அதில் இரண்டாவதாக ஒரு பூல் திறந்தாள். வரிசையில் நிற்பவர்களின் செய்திகளை மெல்ல மெல்ல அதன் பக்கம் திருப்பினாள். பிடித்து வைத்த இணைப்புகளை அவள் தொடவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் எழுந்திருக்கலாம் என்று ஷகிலா இன்னொரு வாழ்த்து அனுப்பினாள். அன்றைக்கு மூச்சிழையில் ஒருவர்கூடச் சாகவில்லை.

மறுநாள் காலையில் குழந்தைவேலு இனிப்புப் பெட்டியோடு வந்தார். ஜெபராணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கோபமே இல்லை. "நேத்து நீ இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியலைம்மா" என்றார், அதை மனதாரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த சர்வருக்கு அங்கீகாரம் இல்லை. அதுல நோயாளிகளை ஓட்டினோம்னு வெளிய தெரிஞ்சா கம்பெனியை மூடிருவாங்க. மூடினா எல்லா மூச்சும் நின்னுரும். நான் காலையிலேயே எல்லாரையும் பழைய சர்வருக்கே திருப்பிட்டேன்."

"சார், பழைய புரோகிராமையே மாத்தி எழுதிருதேன். ரெண்டு நாள் வேலை."

"எழுது. ஆனா பரிசோதனை, ஒப்புதல் எல்லாம் வாங்கணும்ல? தீபாவளி தாண்டிரும்."

"அதுவரைக்கும்?"

குழந்தைவேலு மேசையைத் துடைத்தார். "பரிசோதனை நோயாளிங்கன்னு நாலஞ்சு பேரை மட்டும் அந்த சர்வர்ல வச்சுக்க அனுமதி இருக்கு. ரீஸ்டார்ட் அதைத் தொடாது. எங்கம்மா அதுலதான் இருக்காங்க. நேத்து யார் யார் தடுமாறினாங்கன்னு பார்த்தப்ப உங்க வீட்டுக்காரர் நம்பர் கண்ணுல பட்டுச்சு. அவரையும் சேர்த்துட்டேன். நீ கேட்டுத்தான் செய்யணும்னு இல்லை."

ஜெபராணிக்கு முதலில் வந்தது நன்றி. அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் வந்தது. வெளியே சொல்லலாம். சொன்னால் மூடுவார்கள், மூடினால் பொன்ராஜும் போவான். தீபாவளி வரைதானே. ராப்பகலாக எழுதி முன்னாலேயே முடித்துவிடலாம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் வந்துகொண்டே இருந்தன, எல்லாமே நியாயமாகத்தான் இருந்தன. தன்னைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. அவள் எழுந்து வெளியே வந்தாள்.

மயில்சாமி தீபம் காட்டி முடித்திருந்தார். கீபோர்டை மாட்டிவிட்டு, அதன்மேல் கை வைக்காமல் தள்ளி நின்றார். மேலாளர் பின்னாலேயே வந்து நின்றும் அவரைப் பார்க்கவில்லை, ஜெபராணியைத்தான் பார்த்தார்.

"மேடம், போடட்டுங்களா? நீங்க சொல்லுங்க."

அவள் தலையை அசைத்தாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அசைத்ததாகத்தான் மயில்சாமி எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். அலமாரியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. மூலையில் மாலை வாடிய அந்த ஒரு சர்வரில் மட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. பொன்ராஜ்.

"ஜெபா, இன்னைக்கும் இழுக்கல! எப்பவும் இந்நேரத்துக்கு இழுக்கும்லா, கட்டில்ல உக்காந்து காத்துட்டே இருந்தேன். ஒண்ணுமே இல்ல. நெஞ்சு அப்படி லேசா இருக்கு. நீதான் என்னமோ செஞ்சிருக்க. என்ன பிள்ள செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலங்க" என்றாள் ஜெபராணி.

விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதவி மையத்தில் தொலைபேசி அடித்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஷகிலா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ஜெபராணியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அங்க என்ன, போன் அடிச்சிட்டே கெடக்கு?" என்று கேட்டான் பொன்ராஜ். "யாரும் எடுக்கலியா?"